மேசைக்கு அந்தப் பக்கம்

விசாகப்பட்டினம்
17.1.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பழனி எழுதுகிறேன். பொங்கல் நல்லபடியாக நடந்திருக்கும். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் போடுகிறதா?

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் கூப்பிட்டால் "நல்லாருக்கியா, சாப்டியா, இந்தா அம்மாட்டப் பேசு" என்று அரை நிமிஷத்தில் கைமாற்றி விடுகிறீர்கள். கடிதத்தை அப்படி அம்மாவிடம் நீட்ட முடியாது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடவே அம்மாவுக்கு ஒரு நாள் ஆகும்.

விஷயம் இதுதான். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி ஒரு கப்பலை என் பொறுப்பில் விடுகிறார்கள். சின்ன ரோந்துக் கப்பல், ஐம்பது பேர். பெயரை எழுதக் கூடாது. ஆனால் கேப்டன் நான்தான். பதினெட்டு வயதில் எரியோட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததிலிருந்து இந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

நீங்களும் பதினைந்து வருஷம் நேவியில் இருந்தவர். ஸ்டோர்ஸ் பிரிவில் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்றவர். உங்களைப் பார்த்துத்தான் நான் இங்கே வந்தேன். ஆனால் நான் அதிகாரியாகிப் பத்து வருஷமாகிறது, ஒரு தடவைகூட நீங்கள் வந்து பார்த்ததில்லை. எழிமலையில் பயிற்சி முடிந்த அன்று பெற்றவர்கள்தான் பிள்ளையின் தோளில் பட்டையை மாட்டுவார்கள். ஒரு தோளுக்கு அம்மா மாட்டியது, மறு தோளுக்கு மூக்கையா மாமா மாட்டினார். அது உங்கள் தோள். நீங்கள் அன்றைக்குக் கிணறு தூர் வாரிக்கொண்டிருந்தீர்கள்.

இந்த முறை வாருங்கள் அப்பா.

பதிலுக்குக் காத்திருக்கும்,
பழனிக்குமார்

*

எரியோடு
2.2.2024

தம்பி பழனிக்கு அப்பா எழுதுறது,

இங்க எல்லாரும் சுகம். உன் உடம்பைப் பாத்துக்க. அம்மா மாத்திரை போடுது. நான் நிக்கிற வரைக்கும் போடுது, அங்கிட்டுப் போனா மறந்துருது.

கப்பல் கெடச்சது சந்தோசம். சின்னக் கப்பல்னா என்ன, பெரிய கப்பல்னா என்ன, கடல் ஒண்ணுதான். உங்க அம்மா தெருவுல ஒரு வீடு விடாமச் சொல்லிட்டா.

ஏப்ரல்ல முருங்கை காய்ப்பு. நான் இல்லாட்டிப் பறிக்கிற ஆளுக கொப்பை ஒடிச்சுருவாக. போர்க்கிணத்து மோட்டாரும் ஓடி ஓடி நின்னுருது. பாப்போம்.

ஐம்பது பேருன்னு எழுதியிருக்க. அவுக அம்புட்டுப் பேரோட பேரும் உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்க.

இப்படிக்கு,
பெருமாள்சாமி

*

விசாகப்பட்டினம்
20.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அப்படியே இருக்கிறது. நான் நலம். இங்கே வெயில் இப்போதே தொடங்கிவிட்டது.

"பாப்போம்" என்றால் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கொச்சியில் என் முதல் கப்பலைப் பார்க்கக் கூப்பிட்டபோதும் "பாப்போம்" என்றுதான் சொன்னீர்கள்.

மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். என்மேல் கோபமா அப்பா? நான் சின்னப் பையனாக இருந்தபோது விடுமுறைக்கு வருவீர்கள். என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அலை எப்படி எழும்பும் என்று நடந்தே காட்டுவீர்கள். நான் அதிகாரியான பிறகு அந்த ஆளைக் காணவில்லை. எந்த நாளிலிருந்து என்று எண்ணிப் பார்த்தேன். 2015-ல் முதல் லீவுக்கு வந்தேனே, அன்றைக்கு மத்தியானம் அம்மா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே கப்பல் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகுதான் இந்த அரை நிமிஷப் பேச்சு.

அன்றைக்கு என்ன சொன்னேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை. தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் எழுதுங்கள். எனக்குத் திட்டு வாங்கத் தெரியும்.

உங்கள் மகன்,
பழனி

*

எரியோடு
11.3.2024

பழனிக்கு,

சுகம். நீயும் சுகமா இரு.

கோவம் எல்லாம் ஒண்ணும் இல்ல. என்னால வர முடியாது. அம்மாவை மூக்கையா கூட அனுப்பி வைக்கிறேன். வெயிலுக்கு மோர் குடி.

பெருமாள்சாமி

*

விசாகப்பட்டினம்
28.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் கால் இப்போது எப்படி இருக்கிறது? ரயிலில் கால் வீங்கியது என்று மாமா சொன்னார். பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் தேதி காலையில் கப்பலை ஏற்றுக்கொண்டேன். விசில் ஊதி என்னைத் தளத்தில் ஏற்றினார்கள். ஐம்பது பேரும் வரிசையாக நின்றார்கள். நீங்கள் சொன்னபடி எல்லார் பேரையும் படித்து வைத்திருந்தேன், இரண்டு பேரை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டேன். அம்மா ஏணியில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டது. கோயில் மாதிரி இருக்குடா என்றது.

இதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிறுத்த முடியவில்லை.

அம்மா ஊருக்குப் போன மறு வாரம் மெஸ்ஸில் ஒரு விருந்து. ஓய்வுபெற்ற கமோடோர் ஒருவர் வந்திருந்தார். எழுபது வயது இருக்கும். எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். திண்டுக்கல் பக்கம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "திண்டுக்கல்லா! தொண்ணூத்தி நாலுல என் கப்பல்ல அந்த ஊர்க்காரர் ஒருத்தர் இருந்தார். பெருமாள்சாமின்னு பேரு. ஸ்டூவர்டு. கப்பல் எப்படி ஆடினாலும் சூப் கிண்ணம் ஒரு சொட்டு சிந்தாது. அந்த மாதிரி பரிமாறுறவரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை" என்றார். மேசையில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "தெரியுமா அவரை?" என்று என்னைக் கேட்டார்.

அப்பா, "அவர் என் அப்பா" என்று நான் சொல்லவில்லை.

"இல்லை சார், ஊர் பெரிசு" என்று சொன்னேன். எனக்கு இடதுபக்கம் ஒரு ஸ்டூவர்டு காய்கறித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஸ்டோர்ஸ் என்று நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நான் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். அம்மாவிடம் எதையும் கேட்கவில்லை.

பழனி

*

விசாகப்பட்டினம்
30.5.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. நடுவில் பதினாறு நாள் கடலில் இருந்தேன். திரும்பியதும் தபால் கட்டைத்தான் முதலில் பிரித்தேன். மின்வாரியத்துக்காரன்கூட எழுதியிருக்கிறான், நீங்கள் எழுதவில்லை.

நேற்றுப் போனில் "சாப்டியா" என்று மட்டும் கேட்டீர்கள். அதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பிட உட்காரப் பிடிக்கவில்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

பழனி

*

எரியோடு
9.6.2024

தம்பி பழனிக்கு,

உன் ரெண்டு கடுதாசியும் வந்துச்சு. அம்மாவுக்குக் கால் வீக்கம் வத்திருச்சு. எனக்கும் சொகந்தான். நாலு தடவை எழுத உக்காந்து எந்திரிச்சுட்டேன்.

அந்தக் கமோடோரை எனக்கு நல்லாத் தெரியும். மரியாதையான மனுசன். நீ இல்லைன்னு சொன்னதுக்கு நான் கோவிச்சுக்க முடியாது. நீ ஒரு விருந்துல ஒரு தடவை சொன்ன. நான் இந்த ஊர்ல முப்பது வருசத்துக்கும் மேலாச் சொல்லிக்கிட்டிருக்கேன். ஸ்டோர்ஸ், ஸ்டோர்ஸ்னு. எச்சித் தட்டு எடுக்குறவனை நம்ம ஊர்ல என்னன்னு பேசுவாகன்னு உனக்குத் தெரியாதா? அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். உங்க அம்மாவுக்குத் தெரியும். கல்யாணமாகி மூணாம் வருசம் ஒரு விசேச வீட்டுல நான் தண்ணி டம்ளர் வச்ச தினுசைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டா. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல.

எழிமலைக்கு நான் வராதது பயத்துல. எவனாவது பழைய ஆளு "ஏ பெருமாள்"னு கூப்பிட்டு, உன் கூட்டாளிக முன்னாடி உனக்கு அசிங்கமாப் போயிருமோன்னு. கிணறு அன்னைக்குத் தூர் வாரவே இல்ல. அந்தப் பொழுதெல்லாம் கிணத்து மேட்டுலதான் உக்காந்திருந்தேன்.

ஆனா அந்த ஆட்டுக்கறி அன்னைக்கு நடந்தது வேற. உனக்கு ஞாபகம் இல்லைன்னு எழுதுனயே, அதைப் படிச்சதுக்கு அப்புறந்தான் எனக்கு எழுதவே கை வரல. நான் சொல்றேன் கேளு. உன் வெள்ளைச் சட்டையில தக்காளி சூப்பைக் கொட்டிட்டான்னு ஒரு ஸ்டூவர்டை மறுநாள் உச்சி வெயில்ல மேல்தளத்துல ஒரு மணி நேரம் நிக்க வச்சேன்னு சொன்ன. அவன் எப்படி நின்னான்னு எந்திரிச்சு நடிச்சுக் காட்டின. அம்மா சிரிக்கப் போயி, என் மூஞ்சியைப் பாத்து நிறுத்திருச்சு. நீ சிரிச்சுக்கிட்டே இருந்த. நிரஞ்சன்னு அவன் பேரையும் சொன்ன. ஒரிசாக்காரன்னு.

அந்த மேசைக்கு இந்தப் பக்கம் பதினஞ்சு வருசம் நின்னவன் நான். எம் மகன் அந்தப் பக்கம் உக்காரணும்னு அம்புட்டு ஆசைப்பட்டேன். உக்காந்துட்ட. உக்காந்ததும் அவுகளாவே ஆயிட்டியேன்னுதான் எந்திரிச்சுப் போனேன்.

அன்னைக்கே உன்னைய அடிச்சிருக்கணும். அடிக்கணும்னா நான் யாருன்னு சொல்லணும். அதுக்குத் தெம்பு இல்ல. அதான் போனை அம்மாட்டக் குடுத்துக் குடுத்தே ஒம்பது வருசத்தை ஓட்டிட்டேன்.

வேளைக்குச் சாப்புடு.

அப்பா

*

விசாகப்பட்டினம்
18.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். அங்கே மழை உண்டா?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அவர் நின்ற இடம், தளத்தின் இரும்புச் சூடு, நான் நிழலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தது. இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

உடனே பதில் எழுதவில்லை. வெறும் வார்த்தையை எழுதி என்ன செய்வது? பழைய கப்பல்காரர்களிடம் விசாரித்தேன். நிரஞ்சன் நேவியை விட்டு இரண்டு வருஷமாகிறது, ஒரிசாவில் பெர்ஹாம்பூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிபன் கடை வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன். சாதாரணச் சட்டைதான். பார்த்ததும் "நேவி சார்தானே? நிற்கிறதிலேயே தெரியுது" என்றார். உட்காரச் சொல்லி இட்லி வைத்தார்.

நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். கொச்சி, 2015, சூப், வெயில் எல்லாவற்றையும். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். இட்லிக்குச் சாம்பாரை ஊற்றிவிட்டு, "சூப் கொட்டினது நிறைய தடவை சார். வெயில்ல நின்னதும் நிறைய தடவை. அதுல நீங்க யாருன்னு ஞாபகம் இல்லை" என்றார்.

"என்னை மன்னிச்சுடுங்க" என்றேன்.

"இட்லி ஆறுது சார்" என்றார்.

சாப்பிட்டேன். அவர் வேறு ஆட்களைக் கவனிக்கப் போய்விட்டார். ரயிலில் திரும்பும்போது எனக்கு ஒன்று மட்டும் தாங்கவில்லை. நான் செய்தது அவருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவுக்குக்கூடப் பெரிய விஷயம் இல்லை. அவ்வளவு பேர் அவரை அப்படி நடத்தியிருக்கிறோம்.

டிசம்பர் எட்டாம் தேதி குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு கப்பல் கடலுக்குள் நான்கு மணி நேரம் போய் வரும். வருஷத்துக்கு ஒரு நாள் அப்படி உண்டு என்பது உங்களுக்கே தெரியும். இதற்கு முன்னால் கூப்பிட்டதெல்லாம் எனக்காக. நீங்கள் கடலைப் பார்த்து இருபத்து நான்கு வருஷமாகிறது. அதற்காகக் கூப்பிடுகிறேன்.

பழனி

*

எரியோடு
1.9.2024

அப்பு பழனிக்கு,

மழை ரெண்டு உழவுக்குக் காணுற அளவு பேஞ்சிருக்கு. அம்மாவுக்கு லேசாச் சளி, வேற ஒண்ணும் இல்ல.

நீ அங்க போனது நல்லது. ஆனா ஒண்ணு சொல்றேன். நிரஞ்சன் ஞாபகம் இல்லைன்னு சொன்னது பொய். எங்க ஆளு எவனும் மறக்க மாட்டான். தொண்ணூத்தி மூணுல ஒரு லெப்டினன்டு, விருந்தாளிக முன்னாடி என்னைய முட்டி போட்டு அவரு பூட்சைத் துடைக்கச் சொன்னாரு. பேரு தெரியும், எழுத மாட்டேன். அன்னைக்கு மீன் வறுவல், பட்டாணி, கேரமல் கஸ்டர்டு. முப்பத்தோரு வருசமாச்சு, கஸ்டர்டு எத்தனை கிண்ணம்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். பதினெட்டு.

அவனுக்கு உன் முகம் கடைவாசல்ல பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். நீ நின்னுக்கிட்டே பேசுனதைப் பாத்து, இவனைக் கஷ்டப்படுத்த வேணாம்னு நினைச்சிருப்பான். உனக்காக மறந்திருக்கான். அந்தப் பெரிய மனசு எனக்கு வரல. அந்த லெப்டினன்டு இப்ப வந்து நின்னா நான் இட்லி வைக்க மாட்டேன்.

கடலைப் பத்தி எழுதிட்ட. நான் யாருட்டயும் சொன்னதில்ல. விடியக்காலம் பிரிட்ஜுக்கு டீ கொண்டு போறது என் வேலை. கப்பலை ஓட்டுறவுக நிக்கிற அந்த மேல்தட்டுல தட்டை வச்சுட்டு உடனே கீழ இறங்கிரணும், நிக்கக் கூடாது. படியில ஒவ்வொரு எட்டா மெதுவா இறங்குவேன், கண்ணாடி வழியாக் கடலைப் பாத்துக்கிட்டே. பதினஞ்சு வருசத்துல நான் பாத்த கடல் அம்புட்டும் அந்தப் பன்னெண்டு படியிலதான். இங்க தோட்டத்துல சோளத்தட்டை காத்துல அசையுறப்ப வேலையை நிறுத்திட்டுப் பாத்துக்கிட்டு நிப்பேன். ஆளுக வெயிலு அடிச்சிருச்சுன்னு நினைப்பாக.

டிசம்பருக்கு நானும் அம்மாவும் வாரோம்.

அப்பா

*

விசாகப்பட்டினம்
16.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சென்னையில் இறங்கி மாறுவதற்கு மூன்று மணி நேரம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை போட்டிருக்கிறேன். காலையில் இங்கே குளிர் இருக்கும், சால்வை எடுத்து வாருங்கள். அம்மாவின் சளி முழுதும் விட்டுவிட்டதா?

துறைமுக நுழைவுச் சீட்டுக்கு உங்கள் விவரம் கேட்டார்கள். "ஓய்வுபெற்ற பெட்டி ஆபீசர், ஸ்டூவர்டு. கேப்டனின் தந்தை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கமோடோர் வீட்டுக்கும் போய் வந்தேன். விருந்தில் பொய் சொன்னேன் என்று சொன்னேன். பிறகு, உங்களுக்கு அவருடைய வணக்கத்தைச் சொல்லச் சொன்னார். என்னிடம் சொல்ல அவருக்கு எதுவும் இல்லை என்றார்.

நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பழனி

*

எரியோடு
19.12.2024

அப்பு பழனிக்கு அப்பா எழுதுறது,

நல்லபடியா வந்து சேந்தோம். அம்மா கப்பல்ல மூணு தடவை வாந்தி எடுத்ததை இங்க யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கா. உனக்குத்தான் தெரியுமே, அதனால எழுதுறேன்.

உன்கிட்ட அங்க சரியாப் பேச முடியல. நீ வேலையில இருந்த. நானும் பேசுற நெலமையில இல்ல.

கேட்டுல நின்ன காவக்காரன் சீட்டைப் படிச்சுட்டு, "கடைசியா எந்தக் கப்பல் சார்?"னு கேட்டான். சொன்னேன். இத்தனை வருசத்துல அந்தப் பேரைச் சத்தமாச் சொன்னது அன்னைக்குத்தான். அவன் விறைப்பா நின்னு சல்யூட் அடிச்சான். திருப்பி அடிக்கக் கை எங்க இருக்குன்னே தெரியல.

பிரிட்ஜுல நீ உன் நாற்காலியைக் காட்டி உக்காரச் சொன்ன. அது கேப்டன் உக்காருற இடம், நான் உக்கார மாட்டேன். எனக்கு நிக்கத்தான் ஆசை. நின்னேன். யாரும் எறங்குன்னு சொல்லல. துறைமுகத்தை ஒட்டுன டால்பின் மலை பின்னாடி போயி, கடல் முழுசாத் தெறந்து, அலை கப்பலைத் தூக்கி வச்சப்ப, முழங்கால் வலிக்குதாப்பான்னு நீ கேட்ட. அப்பத்தான் எனக்கு முழங்கால்னு ஒண்ணு இருக்குறதே ஞாபகம் வந்துச்சு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆபீசர்க மேசையில என்னைய உக்கார வச்ச. உம் ஸ்டூவர்டு ஈஸ்வர ராவ் இடப்பக்கமா வந்து பரிமாறினாரு. சுத்தமான வேலை. எனக்குத்தான் கை ரெண்டும் எந்திரிக்கவா எந்திரிக்கவான்னு தவிச்சுச்சு. நீ எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "ஈஸ்வர், இவர் எங்க அப்பா. உங்க வேலையைத்தான் பதினஞ்சு வருஷம் பாத்தாரு"ன்னு சொன்ன. அவரு எனக்கு இன்னொரு கரண்டி பருப்பை வச்சுட்டுப் போனாரு.

அப்புறம் நீ மேல போன பிறகு நான் அவரு இருக்குற அடுப்படிக்கு எறங்கிப் போனேன். உன்கிட்டச் சொல்லல. ரெண்டு பேரும் சேந்து கிளாஸ் கழுவினோம். உங்க கேப்டன் எப்படின்னு கேட்டேன். எம் மகன்னு பாக்காமச் சொல்லுன்னேன். அவரு கையில இருந்த கிளாஸைக் கவுத்து வச்சாரு. "கோவம் வரும் சார். ஆனா பேரைச் சொல்லித்தான் கோவப்படுவாரு. மறுநாள் வந்து பேசுவாரு"ன்னாரு. இது போதும் எனக்கு. கோவமே வராதுன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.

ஊருக்கு வந்த மறுநாள் டீக்கடையில கேட்டாக, கப்பல் எப்படி, உங்க ஸ்டோர்ஸ் எல்லாம் அப்படியே இருக்கான்னு. நான் ஸ்டோர்ஸ்ல இல்லப்பா, ஆபீசர்களுக்குச் சோறு பரிமாறுனேன்னு சொல்லிட்டேன். மூக்கையாதான் வாயைத் தொறந்தான். "அதான் எங்க வீட்டுக் கல்யாணத்துல பந்தியைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சியாக்கும்"னான். எல்லாரும் சிரிச்சாக. ஒருத்தன் மட்டும் சிரிக்காம எந்திரிச்சுப் போனான். போகட்டும். முதுகுல கிடந்த மூட்டை எறங்குன மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் வெக்கமாவும் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

நேத்து உனக்குப் போன் போட்டேன். நானே போட்டேன், அம்மா இல்லாதப்ப. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லுச்சு. கடலுக்குப் போயிட்டன்னு தெரிஞ்சுக்கிட்டேன். முன்னெல்லாம் அந்தக் குரல் வந்தா நிம்மதியா வச்சுருவேன். நேத்து மூணு தடவை போட்டுப் பாத்தேன்.

இந்தக் கடுதாசி உன் கைக்கு வர எத்தனை நாளாகுமோ. கரைக்கு வந்ததும் தேதியை மட்டும் எழுது. கூப்பிட வேணாம், வாங்கன்னு சொல்ல வேணாம். தேதி போதும். ரயிலு எனக்குப் பழகிருச்சு.

அப்பா